ஏழு தோட்டத்துச் சிட்டு

சிட்டுகள் கூடு கட்ட வைத்த பெட்டிகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததுமே அக்கா காதைத் தீட்டிக்கொண்டாள். ஆண்டுதோறும் தெருவிலுள்ள சிட்டுகளைக் காதால் கேட்டே கணக்கெடுப்பவள் அவள். நல்லவேளை, தெருவின் ஏழு தோட்டத்திலும் பாட்டுக் கேட்டது. ஏழு என்று எழுதிவிட்டுத்தான் தொலைநோக்கியை எடுத்தாள்.

"ஏழு இருக்கே! அப்புறம் ஏன்க்கா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றான் தம்பி.

"காலைப் பாருடா. சிவப்பு வளையம். போன வருஷம் நான் மாட்டினது."

அந்த ஒரே சிட்டு வேலிக்கு வேலி தாவி, ஏழு தோட்டத்திலும் தொண்டை கிழியப் பாடிவிட்டு, முதல் வேலிக்கே திரும்பியது.

"ஜோடி கெடைச்சிருந்தா இப்படி நாள் பூரா கத்தாதுடா."

ஏழு என்று எழுதியதை அடித்தாள். ஒன்று என்று எழுதக் கை வரவில்லை. சிட்டு மறுபடியும் தொடங்கியது.