பட்டு கவுண்டரில் என் கை

நான் பட்டு விரித்தால் பார்க்க வந்தவர்கள் எழுந்து போக மாட்டார்கள். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யார் சொல்லப் போகிறார்கள்? பழவங்காடிப் பிள்ளையார் கோவிலிலிருந்து நாலு எட்டு வைத்தால் வரும் ஜவுளிக்கடையில் எட்டு வருஷமாக நிற்கிறேன். முந்தியை ஒரே வீச்சில் விரித்து, கரையை மடித்துக் காட்டி, பெண்ணின் தோளில் போட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்தது.

ஆனால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். உங்களுக்கெல்லாம் வேர்க்கிற மாதிரி இல்லை. ஏசிக்கு நேர் கீழே நின்றாலும் விரல் நுனியில் சொட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துச் சமாளித்து வந்தேன். போன ஓணத்துக்கு மாட்டிக்கொண்டேன். சந்தன நிறப் பட்டு ஒன்றில் என் ஐந்து விரலும் அச்சடித்தாற்போல விழுந்துவிட்டது. எங்கள் மாடிக்குப் பொறுப்பாளர் ஜிஜி மேடம் எல்லார் முன்னாலும் சேலையைத் தூக்கிக் காட்டினாள். மறுநாள் என்னைக் கீழே பெட்ஷீட் பகுதிக்குத் தள்ளிவிட்டாள். பெட்ஷீட்டை விரிக்க ஒரு ஆள் வேண்டுமா? பத்து மாசம் அங்கே நின்று நின்று எனக்குப் பற்றி எரிந்தது.

கடைசியில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். இது ஒரு நோய்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். என் நெஞ்சில் மெஷின் வைத்திருக்கிறதா, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு கருவியை எழுதித் தந்தார். அயன்டோபோரசிஸ். அந்தப் பெயர் என் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆனது. இரண்டு தட்டில் தண்ணீர் ஊற்றி, தட்டுக்கு ஒன்றாகக் கையை வைத்தால், லேசான மின்சாரம் தண்ணீர் வழியாகத் தோலுக்குள் போகும். இருபது நிமிஷம், வாரத்துக்கு நாலு நாள். கொஞ்ச நாளில் வேர்வை அடங்கும்.

என் வீட்டுக்காரர் சொரிமுத்துவுக்கு எலக்ட்ரீஷியன் வேலை. ஸ்ரீவராகத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பாதி வீட்டுக்கு வயரிங் பார்த்தது அவர்தான். பெட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏளா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஈரக்கையோட கரண்டு பக்கம் போவாதியன்னு இருபது வருசமா ஊரு பூரா சொல்லிட்டு அலையுதேன். என் பொண்டாட்டி ரெண்டு கையையும் தண்ணிக்குள்ள முக்கிட்டு, கரண்டப் போடுன்னு நிக்கா!"

"இது பேட்டரி, ஷாக் எல்லாம் அடிக்காது. டாக்டருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு? நான் அடுக்களையில உக்காந்து பாத்துக்கிடுதேன். நீங்க அந்தப் பக்கமே வராதீங்க."

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தேன். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. கையில் ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை செய்து காட்டியபோது சுருசுருவென்று எறும்பு ஊர்ந்ததே, வீட்டில் அந்த எறும்பைக் காணோம். மூன்றாவது வாரமும் வேர்வை சொட்டியது. எனக்கு வந்ததே கோபம். பயத்தில் இந்த மனுஷன்தான் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுக் கரண்டைக் குறைத்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"கருவியத் திறந்தீங்களா, இல்லையா?"

"சத்தியமா அதத் தொடல கேட்டியா. நீதான அடுக்களைப் பக்கமே வரக்கூடாதுன்ன?"

நான் நம்பவில்லை. நாலு நாள் அவரோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஐந்தாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த மலையாளி நர்ஸ் கருவியைச் சோதித்துவிட்டு, கருவிக்கு ஒரு கேடுமில்லை என்றாள்.

"வீட்டுல ஏது வெள்ளம் ஒழிக்கும் சேச்சி?"

"ஃபில்டர் தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சு ஆத்தித்தான் ஊத்துதேன்" என்றேன் பெருமையாக. இந்த ஊரில் யாராவது கொதிக்காத தண்ணீரைக் குடிக்கிறார்களா? மருந்துக் காரியத்துக்குப் பைப்புத் தண்ணீரையா எடுப்பேன்?

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரித்து முடித்துத்தான் விஷயத்தைச் சொன்னாள். ஃபில்டரானது தண்ணீரிலுள்ள உப்பையெல்லாம் எடுத்துவிடுகிறது. உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் ஓடாது. இனிமேல் பைப்புத் தண்ணீரே போதும். இந்த ஊர்த் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வாரமாக நான் சுத்தமான தண்ணீரில் கையை ஊறவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து சொரிமுத்துவிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி?

"சுத்தத் தண்ணியில கரண்டு ஓடாதுன்னு எனக்குத் தெரியுமே" என்றார்.

"தெரிஞ்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீ எந்தத் தண்ணிய ஊத்துதன்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து பேசுனாத்தான தெரியும்!"

அன்றைக்கு அவருக்கு இரண்டு முட்டை பொரித்து வைத்தேன். மன்னிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

அன்று சாயங்காலமே எறும்பு ஊர்ந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் கம்பி ஈரமில்லாமல் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்டக்டர் கொடுத்த டிக்கெட் இறங்குகிற வரைக்கும் மொடமொடவென்று என் கையில் இருந்தது. அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஆவணி பிறந்தது, கல்யாண சீசன். ஜிஜி மேடத்திடம் போய் நின்றேன். பட்டு கவுண்டரில் ஆள் பற்றாத நேரம்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை தராம். ஒரு கறை விழுந்தா, பின்னெ ஜென்மத்துக்கும் பெட்ஷீட் தன்னெ. கேட்டோ?"

"சரி மேடம்" என்றேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். இங்கே முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வந்தது மாப்பிள்ளையின் அம்மா, அவன் தங்கை, கல்யாணப் பெண். பெண் பெயர் அஸ்வதி. நான் விரித்தேன் பாருங்கள், பக்கத்துக் கவுண்டர் ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருஷத்து ஏக்கம் அது. சந்தன நிறம், மயில்கழுத்து நிறம், அரக்கு என்று வரிசையாகப் போட்டேன். மாமியாராகப் போகிறவளுக்குச் சந்தன நிறம் பிடித்துவிட்டது.

பெண் மட்டும் இரண்டு கையையும் ஷாலுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தள்ளியே உட்கார்ந்திருந்தாள்.

"தொட்டு நோக்கு மோளே. உனக்குள்ள சாரியல்லே?" என்றாள் மாமியார்.

"வேண்டாம் அம்மே, நல்லதா."

"தொடாதெ எங்கனெ அறியும்?"

அந்தப் பெண் கையை வெளியே எடுத்தாள். முந்தியை மெல்லத் தொட்டாள், உடனே கையை இழுத்துக்கொண்டாள். நாலு விரல் ஈரம் பட்டில் விழுந்து கறுத்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நான் வைத்திருந்த முகம்தானே அது. என் கல்யாணத்தன்று நாத்தனார் என் கையைப் பிடித்துவிட்டு "ஐயே" என்று உதறியது நெஞ்சில் வந்து முட்டியது.

மாமியார் அதற்குள் மகளிடம் ஏதோ பேசத் திரும்பிவிட்டாள், கவனிக்கவில்லை. ஆனால் ஜிஜி மேடத்தின் கண்ணிலிருந்து கறை தப்புமா? விறுவிறுவென்று வந்தாள்.

"கௌசல்யே, இது எந்தா?"

பெட்ஷீட் பகுதி கண்ணுக்குள் வந்தது. என் கை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், இந்தப் பெண் வாழப் போகிற வீட்டில் முதல் பேச்சே இவள் ஈரக்கையைப் பற்றித்தான் இருக்கும்.

"என் கைதான் மேடம். மன்னிச்சிடுங்க."

"ஞான் அப்பமே பறஞ்ஞதல்லே!" என்று ஜிஜி என் கையைப் பிடித்துத் திருப்பினாள். வாடிக்கையாளர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்து மானத்தை வாங்க நினைத்திருப்பாள். திருப்பியவள் அப்படியே நின்றாள். என் உள்ளங்கை வெயிலில் காய்ந்த பலகையாக இருந்தது. மற்றக் கையையும் தொட்டுப் பார்த்தாள். பட்டைப் பார்த்தாள். பிறகு அஸ்வதி ஷாலுக்குள் ஒளித்த கையைப் பார்த்தாள்.

நானும் அவளை நேருக்கு நேர் பார்த்தேன். சொன்னால் சொல்லிக்கொள், நான் சொல்ல மாட்டேன்.

ஜிஜி என் கையை விட்டாள். "ஏசி ஒழுகுந்நு, அதாணு" என்றாள் மாமியாரிடம், சிரித்துக்கொண்டு. "கௌசல்யா புதிய பீஸ் எடுத்துத் தரும். பட்டுல எங்களுக்கு அவளாணு சீனியர்."

புதுச் சேலையை எடுத்து மடித்துக் கொடுத்தேன். மாமியாரும் மகளும் பில் போடப் போனார்கள். அஸ்வதி பின்னால் தங்கினாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"சேச்சி, அது என்றெ கையாயிருந்நு."

"தெரியும் மோளே. எனக்கும் இப்படித்தான் சொட்டிட்டு இருந்துச்சு. இதுக்கு வைத்தியம் இருக்கு. நானே உன்ன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று கையை நீட்டினேன்.

அவள் தயங்கினாள். நான் விடவில்லை. நனைந்து கிடந்த அந்தக் கையை எடுத்து, கடை நடுவில், எல்லாரும் பார்க்க, என் இரண்டு கைக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.