வெள்ளிக்கு ஒரு எலுமிச்சம்பழம்

அம்மன் என் மேல் முதல் தடவை வந்தது போன வருஷம் ஆடி மாசம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில். வந்தது அம்மன் இல்லை என்று எனக்கே தெரிவதற்குப் பத்து மாசம் ஆயிற்று. அதற்குள் எங்கள் குப்பம் மொத்தமும் என் காலில் விழுந்து எழுந்துவிட்டது.

என் பெயர் பொன்னி. வயது நாற்பத்தாறு. கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பம். வீட்டுக்காரர் தேவா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறார். நான் இ.சி.ஆர். பஸ் நிறுத்தத்தில் ஐஸ் பெட்டி வைத்து மீன் விற்கிறேன். வாய் கொஞ்சம் நீளம், அது தெரிந்தவர்கள்தான் என்னிடம் மீன் வாங்குவார்கள்.

அன்றைக்குக் கங்கையம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். தகரக் கொட்டகைக்குக் கீழே மூன்று அண்டா கூழ். பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அகப்பையோடு நின்றேன். திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறியது. தலைப்பூவைப் பிய்த்து எறிந்தேன். கொண்டையை அவிழ்த்தேன். பக்கத்திலிருந்த மஞ்சத்தண்ணீர்க் குடத்தை எடுத்து என் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டேன். கை கால் நடுங்கியது. இதைப் பார்த்துவிட்டுப் பம்பைக்காரர் அடியை வேகமாக்கினார். பாவம், அவர் தொழில் அது.

ஊர்த் தலைவர் உலகநாதன் கற்பூரத் தட்டோடு ஓடிவந்து, தாய்க்கு என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இந்தத் தகரத்தப் பிரிச்சுப் போடுங்க மொதல்ல" என்று கத்தினேன். வெயிலில் காய்ந்த தகரம் தலைக்கு மேலே கொதித்தது, அதனால் சொன்னேன். அவர்கள் நிஜமாகவே ஏறிப் பிரித்தார்கள். பிரித்தால், நடுத் தூணைக் கரையான் முழுக்கத் தின்றிருந்தது. பிள்ளைகள் கூழ் குடிக்க வரிசையாக உட்காருவது அந்தத் தூணுக்குக் கீழேதான். அதற்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அது பிடித்திருந்தது. கரையில் மீன் இறங்கினால் முதல் கூடை எனக்கு. என் வாய்க்குப் பயந்து ஒதுங்கியவர்கள், இப்போது அதே வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருந்தார்கள். தேவா என்னை 'வாம்மா, போம்மா' என்று பேச ஆரம்பித்தார். இருபத்தைந்து வருஷத்தில் கிடைக்காத மரியாதை, ஒரு குடம் மஞ்சத்தண்ணீரில் கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் வருவது உலகநாதன் மனைவி வரலட்சுமி அக்கா. என்னைவிட மூன்று வயது பெரியவள். அதுவரை 'ஏய் பொன்னி' என்று தெருமுனையிலிருந்தே கூப்பிடுகிறவள், 'தாயே' என்று வாசலில் செருப்பைக் கழற்றினாள். தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, புருஷனைப் பார்த்தாலே எரிகிறது, யார் செய்வினையோ என்றாள். நான் அவளுக்கு விபூதி பூசி ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்புவேன். அடுத்த வெள்ளிக்கும் அதே குறை, அதே பழம்.

அவள் சொன்னது அத்தனையும் எனக்கும் இருந்தது. சூடு ஒரு நாளைக்கு ஆறேழு தடவை வந்தது. தீட்டு இரண்டு மாசம் வராது, வந்தால் பத்து நாள் நிற்காது. மூன்று மணி நேரம் தூங்கினால் அது பெரிய தூக்கம். தை மாசத்தில் ஒருநாள், குழம்பில் உப்பு கம்மி என்று தேவா சொன்னதற்குக் கரண்டியால் அவர் தோளில் ஒன்று போட்டேன். அவர் அடியை வாங்கிக்கொண்டு கும்பிட்டார். அம்மன் என்றால் இப்படித்தான் படுத்தும் போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ரெஜினா அக்கா கோவளம் மாதாகோயில் தெரு. செங்கல்பட்டில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். சனிக்கிழமை தவறாமல் என்னிடம் வஞ்சிரம் வாங்குவாள். வைகாசியில் ஒருநாள் நான் மீனுக்குப் போடுகிற ஐஸை அள்ளிப் பின்கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். வயது என்ன, தீட்டு எப்படி, தூக்கம் எப்படி என்று வரிசையாகக் கேட்டாள். அம்மன் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மன் வந்தா வரட்டும் பொன்னி. இந்தச் சூட்ட ஒரு தபா டாக்டர் பாக்கட்டும். செவ்வாய்க்கெழம வா" என்றாள்.

யாருக்கும் சொல்லாமல் திருப்போரூர் போய், அங்கிருந்து செங்கல்பட்டு பஸ் பிடித்தேன். டாக்டர் பெயர் ஷீலா. ரத்தம், பிரஷர், தைராய்டு எல்லாம் பார்த்தார். வயிற்றுக்கு ஸ்கேன், மார்புக்கு ஒரு படம். குடும்பத்தில் யாருக்காவது மார்பில் புற்றுநோய் உண்டா, காலில் ரத்தம் கட்டியதுண்டா என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். அடுத்த செவ்வாய் எல்லா ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு சொன்னார்: தீட்டு நிற்கப் போகிற வயதில் உடம்பில் ஹார்மோன் ஏறி இறங்கும், அந்த ஆட்டம்தான் இது. தினமும் காலையில் கைச்சதையில் தடவ ஒரு ஜெல், கர்ப்பப்பை இருப்பதால் அதோடு படுக்கும்போது ஒரு மாத்திரை. தடவிய இடம் காய்கிறவரை யாரும் தொடக் கூடாது. முதலில் மார்பு வலிக்கலாம், கொஞ்சம் கறை படலாம், மூன்று மாசத்தில் திரும்ப வர வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இதைப் போட்டால் சாமி வராதா?

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சூடு குறையும். சாமி வர்றதப் பத்தி எனக்குப் பாடம் நடத்தல, பொன்னி."

ஜெல்லைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். இன்னும் இரண்டு மாசத்தில் ஆடி. கூழ் ஊற்றும் அன்று நான் சாமி ஆடி வாக்குச் சொன்னால்தான் உலகநாதன் புதுப் படகைத் தண்ணீரில் இறக்குவார் என்று ஊருக்கே தெரியும். சூடு போனால் சாமியும் போகும். மருந்து போட்டு அம்மனை விரட்டியவள் என்று பேர் வந்தால், அதன் பிறகு எந்தப் படகுக்கு எது நடந்தாலும் அது என் தலையில்தான் விடியும். மரியாதை போனால் போகட்டும். அந்தப் பழியைத் தாங்கிக்கொண்டு அந்தக் கரையில் எப்படி மீன் எடுப்பேன்?

ஆனாலும் மறுநாள் காலையில் தடவினேன். தூக்கத்துக்கு ஏங்கினவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

டப்பாவைச் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பத்தாம் நாள் காலையில் தேவா முட்டி வலிக்கு என்று அதை எடுத்து இரண்டு காலிலும் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் ஓடியது. பாத்திரம் கழுவுகிற சோப்பும் நாரும் எடுத்து அவர் முட்டியைத் தேய்த்துக் கழுவினேன். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வேறு வழி இல்லை.

அவர் நனைந்த காலைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப தை மாசத்துல கரண்டியால என்னப் போட்டது அம்மா இல்லியா? நீயா?"

"நான்தான்."

"நான் வேற கும்பிட்டுகினு நின்னேன்" என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. ரகசியத்தை மட்டும் காப்பாற்றுவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். என் தலையில்.

மூன்று வாரத்தில் சூடு ஏழிலிருந்து இரண்டானது. ஆனி முடிவதற்குள் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் என்று தூங்கினேன். காலையில் எழுந்தால் உலகம் கழுவி வைத்தது போல இருந்தது. பஸ் நிறுத்தத்தில் பழைய பாட்டெல்லாம் வாயில் வந்தது. உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வரலட்சுமி அக்கா வருவாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். உள்ளே அலமாரியில் டப்பாவை வைத்துக்கொண்டு அவள் கையில் எலுமிச்சம்பழத்தை வைப்பேன். அந்த இரண்டு மாசமும் நான் செய்ததைத் திருட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆடி ஞாயிறு வந்தது. புதுத் தூண், புதுத் தகரம், மூன்று அண்டா கூழ். மஞ்சள் புடவை கட்டி என்னை நடுவில் நிறுத்திக் கையில் வேப்பிலைக் கொத்தைக் கொடுத்தார்கள். பம்பை ஆரம்பித்தது.

கால் மணி நேரம் ஆயிற்று. என் உடம்பு குளத்துத் தண்ணீர் போலக் கிடந்தது. பம்பைக்காரர் சட்டை நனைந்துவிட்டது, என் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தேவா தூணுக்குப் பின்னாலிருந்து சும்மா ஆடு என்று ஜாடை காட்டினார். ஆடவும் எனக்குத் தெரியும், தலையை நாலு சுற்றுச் சுற்றினால் போதும்.

அப்போதுதான் எதிரே நின்ற வரலட்சுமி அக்காவைப் பார்த்தேன். முகம் செக்கச்செவேல் என்றாகிவிட்டது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், பூவைப் பிய்த்தாள், கொண்டையை அவிழ்த்தாள். "அங்க பாரு, தலைவரு சம்சாரத்து மேல வருது" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் அப்படியே அவள் பக்கம் திரும்பியது. பம்பைக்காரரும் திரும்பினார்.

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. அம்மன் இடம் மாறிவிட்டாள், அவ்வளவுதான். என் மேல் ஒரு பழியும் வராது. நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியது. கண் என்னைத் தேடியது. அந்தப் பார்வையில் பக்தி இல்லை, பயம்தான் இருந்தது. நான் மூடிக்கொண்டு நின்றால் இவளுக்கு ஆயுசு முழுக்க எலுமிச்சம்பழம்தான் என்று தோன்றியது.

வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டுப் பம்பை மேல் கையை வைத்தேன். "நிறுத்துங்கண்ணா. அது சாமி இல்ல. தீட்டு நிக்கப் போற சூடு. எனக்கும் அதான். போன வருசமும் அதான்."

ஆம்பளைகள் மண்ணைப் பார்த்தார்கள். இத்தனை பேர் நடுவில் தீட்டு என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. வைகாசியிலிருந்து மருந்து போடுகிறேன், அதனால்தான் இன்றைக்கு வரவில்லை என்பதையும் சொல்லி முடித்தேன்.

உலகநாதன் முகம் இறுகியது. அப்படியானால் தூணில் கரையான் இருந்தது எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுண்ணா. தகரம் சுட்டுது, பிரிக்கச் சொன்னேன். தூணப் பாத்தது அம்மாவாவே இருக்கட்டும். அவ பேர்ல நான் இனிமே பேச மாட்டேன்."

அடுத்து என்ன வருமோ என்று நான் நின்றபோது, எல்லம்மாள் அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து எழுந்தாள். என்னோடு மீன் விற்கிறவள், அறுபதைத் தாண்டியவள், அதிகம் பேச மாட்டாள். "எனக்கு அஞ்சு வருசம் இப்டித்தான் இருந்துது. என்ன ஒருத்தரும் சாமின்னு சொல்லல. பைத்தியம்னு சொன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு ஒரு பெண்ணும் வாயை மூடவில்லை. ஒருத்தி நாக்கு வறட்சி என்றாள், ஒருத்தி நெஞ்சுப் படபடப்பு என்றாள். வரலட்சுமி அக்காவை மின்விசிறிக்கு நேரே உட்கார வைத்து மோர் கொடுத்தோம். அவள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்த டாக்டர்?"

உலகநாதன் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு கூழை ஊற்றச் சொன்னார். பழைய முறைப்படி அம்மன் காலடியில் பூக்கட்டிப் போட்டு உத்தரவு கேட்டு, புதன்கிழமை படகை இறக்கினார். முதல் நாளே வலை நிறையச் சங்கரா மீன். என் தலை தப்பியது. முதல் கூடை மட்டும் இப்போது எனக்கு வருவதில்லை, வரிசையில்தான் நிற்கிறேன்.

அடுத்த செவ்வாய் காலை திருப்போரூர் பஸ்ஸில் நாங்கள் ஒன்பது பேர் ஏறினோம். எந்தக் கோயிலுக்கு என்று கண்டக்டர் கேட்டார். எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது, டாக்டர் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார், சிலருக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம் என்று வழி நெடுக நான் படித்துப் படித்துச் சொன்னேன். வரலட்சுமி அக்காவுக்கு பிரஷர் இருந்தது, முதலில் அதைத்தான் பார்ப்பார் என்றேன். அவள் அதைக் காதில் வாங்காமல் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"ஏய் பொன்னி, கைய நீட்டு."

உள்ளங்கையில் தயிர்சாதமும் அதன் மேல் ஒரு துண்டு ஊறுகாயும் வைத்தாள். நன்றாக ஊறியிருந்தது. எப்போது போட்டது என்று கேட்டேன்.

"எல்லாம் நீ குடுத்ததுதாண்டி. வெள்ளிக்கு ஒண்ணு. சாமி பழம், தூக்கிப் போட மனசு வர்ல. வச்சிருந்தும் ஒண்ணும் ஆவல. ஜாடி நெறையக் கீது."

ஒரு வருஷம் என்னைத் தாயே என்று கூப்பிட்ட வாய் அது. 'ஏய் பொன்னி' என்று கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. இன்னாடி அழுவற, இதையும் டாக்டர்கிட்ட கேட்டுடலாமா என்றாள்.

ஊறுகாய் காரம் அக்கா என்றேன். அதில் காரமே இல்லை.