ஆமோஸுக்கு முன்னொரு ஆமோஸ்

கோதுமை வயலில் பனி இன்னும் விலகவில்லை, மரக் கிலுகிலுப்பையைச் சுழற்றிக் காக்கை விரட்டிக்கொண்டு போகிற எட்டு வயதுப் பையனின் பின்னால் நான் செருப்பில்லாமல் நடக்கிறேன், ஆமோஸ், டேய் ஆமோஸ் என்று கூப்பிடுகிறேன், அவன் திரும்பினால்தானே, தாத்தாவின் தாத்தா என்னைவிட ஐம்பது வயது இளையவனாக இருந்துகொண்டு என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டேன் என்கிறான், பிறகு மின்விசிறி கடகடக்கிறது, போத்தனூரில் மதியத் தூக்கம் கலைந்து, செல்போனும் கையுமாகக் கட்டிலில் கிடக்கிறேன்.

அந்த ஆமோஸ் தண்டவாளம் போட வந்த வெள்ளைக்காரர், இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் மார்ல்பி என்ற கிராமத்தார், எழுபத்தோரு வயதில் இறந்தார், இங்குள்ள கல்லறையில் அவரைப் பற்றி இவ்வளவுதான் இருக்கிறது, அவருடைய நிறம் எங்களிடம் எப்போதோ கரைந்துபோயிற்று, இத்தனை வருடம் அவரை நினைக்காத எனக்கு இப்போது ஏன் அவரைத் தேடும் இந்த வேலையற்ற வேலை என்றால், எல்லாம் என் மகள் ஷெரினால் வந்தது, அவளுக்கு இது ஏழாம் மாதம், பையன் பிறந்தால் அண்ணன் பெயரைத்தான் வைப்பேன் என்று சென்னையிலிருந்து ஒற்றைக்காலில் நின்றாள், அண்ணன் என்றால் அவள் கண்ணால் பார்க்காத அண்ணன், என் முதல் பிள்ளை, மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டவன். போனவன் பேரப் பொறக்கப் போற கொழந்தைக்கு வைக்கறதா, வயித்துல வெச்சுக்கிட்டே இப்பிடிப் பேச உனக்கு எப்பிடி வாய் வந்துச்சு என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது, ஆனால் பயத்தில் கேட்டேன், அந்தப் பெயரோடு அந்தக் காய்ச்சலும் சேர்ந்து வந்துவிடும் என்று பயம், நம்ம வம்சத்துலயே நல்ல பேரா நான் தேடித் தர்றேன் என்றேன், அவள் போனை வைத்துவிட்டாள், இருபத்திரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

அப்படித்தான் மார்ல்பி கோயில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஹில்டா என்ற அம்மாளுக்கு எழுதினேன், முதலில் வந்தது வீடுவீடாக ஆளெண்ணி எழுதிய பழைய குடிக்கணக்குத் தாள், ஆமோஸ், வயது எட்டு, காக்கை விரட்டுபவன், தாய் ஹன்னா, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, காக்கை விரட்டியவன் கடல் தாண்டி வந்து எழுபத்தொன்று வரை வாழ்ந்திருக்கிறான், ஷெரின் பிள்ளைக்கு இதைவிட நல்ல பெயர் எங்கே கிடைக்கும், ஆமோஸ் என்றே வைக்கட்டும். அடுத்து வந்தது அடக்கப் பதிவேட்டின் படம், பழுப்பு மசியில் ஒரே வரி, ஆமோஸ், ஹன்னாவின் மகன், வயது மூன்று. போனைக் கணவரிடம் நீட்டினேன், அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார், மூணு வயசுல போயிட்டவனுக்கு நீ எப்பிடிப் பேத்தியாப் பொறந்த என்றார், சிரிக்கத்தான் அப்படிச் சொன்னார், ஆனால் மூன்று என்று தன் வாயால் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்குத் தூங்கப் போகுமுன் ஹில்டாவின் பதில் வந்திருந்தது, இருவரும் வேறு வேறு பிள்ளைகள், அடக்கம் நடந்த மறு வருடமே ஹன்னாவுக்குப் பிறந்த பிள்ளைக்கும் ஆமோஸ் என்றே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அது வழக்கம்தான், பிள்ளை போனாலும் பெயரை விடமாட்டார்கள் என்று எழுதியிருந்தாள். நான் பத்திரமானது என்று தேடி எடுத்த பெயரே போன பிள்ளையின் பெயர், அந்தப் பெயரைச் சுமந்தவன் ஒருவன் பிழைத்ததால்தான் நான் இருக்கிறேன், ஷெரின் இருக்கிறாள், அவள் வயிற்றில் உள்ளதும் இருக்கிறது. கண்ணை மூடினால் ஹன்னா வாசலில் நிற்கிறாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வயலைப் பார்த்துக் கூப்பிடப் போகிறாள், முதல் தடவை கூப்பிடும்போது அவளுக்கு, இவனைக் கூப்பிட்டால் போனவனும் வந்து நிற்பானோ என்று இருந்திருக்கும், வந்தால்தான் என்ன, இரண்டு பேருக்கும் சோறு போட அவளால் முடியாதா, என்னால்தான் முடியாதா, நான் என்னவோ வாயை மூடிக்கொண்டால் துக்கமும் மூடிக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

எழுந்து முகம் கழுவவில்லை, காபி குடிக்கவில்லை, ஷெரினை அழைத்தேன், என்னம்மா என்றாள், கோபம் அப்படியே இருந்தது, உங்கண்ணன் பேரையே வையி, எட்வின்னே வையி கண்ணு என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அம்மா, இந்தப் பேர உன் வாயால நான் கேட்டதே இல்ல, அப்பா சொல்லித்தான் தெரியும், இன்னொருக்கா சொல்லு என்றாள். எட்வின் என்றேன், எட்வின், எட்வின் என்று அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன், போனவனை அழைப்பது போல இல்லை, வரப்போகிறவனை வாசலில் நின்று கூப்பிடுவது போல இருந்தது.