முழங்கால் பிளாஸ்திரி

பூட்டு வாங்க வருகிறவர்கள் முகத்தில் ஒரு பயம் இருக்கும். அந்தப் பயத்தை எடை போட்டுத்தான் கடைக்காரர் விலை சொல்வார். அன்று காலை படியேறி வந்த ஆளின் முகத்தில் இருந்தது துக்கம். துக்கத்துக்கு அவரிடம் சரக்கு கிடையாது.

வந்தவர் கைபேசியைக் கல்லாவின் மேல் வைத்தார். ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தி வைத்திருந்தார். திரை முழுக்க ஒரு பெண்ணின் முழங்கால்.

"கடை திறந்ததும் திறக்காததுமா எனக்கு எதுக்குப்பா பொம்பள காலக் காட்டுற?"

"சாவிக்குட்டி கால் மாமா. டிரெய்லர் வந்திருக்கு. பிளாஸ்திரி எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

சாவிக்குட்டி ரசிகர் மன்றத்தின் தலைவர் அவர். வங்கியில் உத்தியோகம், காதோரம் நரை, வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை. இத்தனையும் இருந்தும் ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்காகக் கண்கலங்கி நின்றார்.

கடைக்காரரின் மனைவி சாகும்வரை வரைந்துகொண்டிருந்த சித்திரக்கதை சாவிக்குட்டி. எந்தப் பூட்டையும் ஒரு கொண்டை ஊசியால் திறந்துவிடுவாள். இடது முழங்காலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி. கதையில் அவளுடைய அப்பா தொப்பையும் மீசையுமாக ஒரு பூட்டு வியாபாரி. "இத எவனாலயும் தொறக்க முடியாது" என்று அவர் தலையிலடித்துச் சத்தியம் செய்யும் பூட்டைத்தான் முதலில் திறப்பாள். இதனால் ஊரில் பாதிப்பேருக்குக் கடைக்காரர் பூட்டுமாமா ஆகிப்போனார். பிழைப்பில் மண் விழுந்தது என்றுதான் முதலில் நினைத்தார். விழவில்லை. கதையைப் படித்தவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிரண்டாக வாங்கிப் போனார்கள்.

பிளாஸ்திரியைப் பற்றி ரசிகர்களுக்குள் அடிதடி வரைக்கும் போயிருக்கிறது. அதற்குள் ஒரு குட்டிச் சாவி இருக்கிறது என்று ஒரு கட்சி. அவளுடைய சக்தியே அங்குதான் இருக்கிறது, பிரித்தால் போய்விடும் என்று இன்னொரு கட்சி. இரு தரப்பும் கடைக்கு வந்து அவரிடம் நியாயம் கேட்கும். "ரெண்டும் சரிதான்" என்று சொல்லி ஆளுக்கொரு பூட்டை விற்று அனுப்புவார்.

நிஜத்தில் உள்ளே இருந்தது சைக்கிளிலிருந்து விழுந்த சிராய்ப்பு. அவர்தான் தன் ஒன்பது வயது மகளைக் கல்லாவின் மேல் உட்காரவைத்து, ஊதி ஊதி ஒட்டினார். அந்த வாரமே காய்ச்சல் வந்தது. புண் ஆறுவதற்குள் மகள் போய்விட்டாள்.

மனைவி வரையத் தொடங்கியது அதற்குப் பிறகு. குட்டிக்குக் கொஞ்சம் வயது கூட்டலாமே என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், "அவளுக்கு என்ன அவசரம்?" என்பாள். படம் எடுக்கிறோம் என்று வந்தவர்களையும் அதே பதிலில் திருப்பி அனுப்பினாள். அவரும் அதில் தலையிட்டதில்லை. உண்மையில் ஒரு இதழைக்கூட அவர் முழுசாகப் படித்ததில்லை. புதிது வந்தால், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கும். மனைவியும் அதைக் கவனிக்காதவள் போல இருந்துவிடுவாள்.

மனைவி போன மறு வருஷம் ஒரு படக் கம்பெனி வந்தது. அவர் தோலை உரிக்கிற மாதிரி பேரம் பேசினார். கடைசியில் மேனேஜர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "ஒரே ஒரு விஷயம் சார். எங்க படத்துல அவ வளர்ந்த பொண்ணு" என்றான். அதற்குமேல் அவருக்குப் பேரம் ஓடவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

"மன்றம் மொத்தமும் படத்துக்குப் போறதில்லன்னு முடிவு பண்ணிருக்கு" என்றார் தலைவர். "கம்பெனி ஆடிப்போச்சு. நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் படத்தப் போட்டுக் காட்டுறாங்களாம். நீங்க வாயத் தொறந்தாதான் மாமா நடக்கும்."

கம்பெனி படம் போட்டுக் காட்டிய அறையில் மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஏசி பல்லைக் கிட்டவைத்தது. இயக்குநர் ஒரு பெண். முன்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் ஓடியது. சண்டை வந்தது, பாட்டு வந்தது. கதையில் இல்லாத ஒரு காதலன் வந்தபோது தலைவர் அடிவயிற்றிலிருந்து முனகினார். கடைக்காரருக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. சினிமாக்காரர்கள் சரக்கைவிட அட்டைப்பெட்டிக்கு அதிகம் செலவு செய்கிறவர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு, பூட்டிக்கிடந்த ஒரு பழைய கடையின் முன்னால் அவள் மண்டியிட்டாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். இடது முழங்கால் திரையை நிறைத்தது. அங்கே ஒரு தழும்பு. தோல் சற்று வெளுத்து, மினுமினுப்பாக, ஓரம் லேசாகச் சுருங்கி. என்றைக்கோ ஆறிப்போன புண். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கி, "அப்பா, போதும், வீட்டுக்கு வாங்க" என்றாள்.

விளக்கைப் போட்டார்கள். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேனேஜர் குனிந்து, "சார், பிளாஸ்திரிய கம்ப்யூட்டர்லயே ஒட்டிடலாம். சின்ன வேலைதான். ரசிகர்கள் அடங்கிடுவாங்க. நீங்க சரின்னா போதும்" என்றான்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று கடைக்காரர் இயக்குநரைக் கேட்டார்.

"நானும் சின்ன வயசுலேருந்து படிச்சவதான் சார். ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் இந்தவாட்டியாவது புண்ணு ஆறியிருக்கும்னு பாப்பேன். ஆறவே இல்ல." அவள் நகத்தை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். "ஒட்டச் சொன்னா ஒட்டிடுறேன். உங்க வீட்டம்மா பொருள். உங்க இஷ்டம்."

தலைவர் அவர் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. "எங்கம்மா போனப்ப நான் ஏழாவது படிச்சேன் மாமா. வீடு மாறுச்சு, ஸ்கூல் மாறுச்சு, எங்கப்பாவே ஆளு மாறிட்டாரு. அவ ஒருத்திதான் மாறாம இருந்தா. அக்கா உயிரோட இருந்தா இதுக்கு ஒத்துக்குவாங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"மாட்டா." கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒருநாளும் ஒத்துக்க மாட்டாப்பா."

மேனேஜர் நிம்மதியாகக் கைபேசியை எடுத்தான்.

"ஆனா ஒட்ட வேண்டாம்."

வாழ்நாளில் அவர் சொன்ன முதல் விலைக்கே எதிராளி வாயடைத்துப் போனது அன்றுதான். அதில் லாபம் எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. தலைவர் எழுந்து, அவர் தோளைத் தொட வந்த கையை வழியிலேயே திருப்பிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். இனி அந்த ஆள் கடைப்படி ஏற மாட்டார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் மேசையை அவள் விட்டுப்போனபடியே வைத்திருந்தார். அதில் அவள் கடைசியாகத் தொட்ட பக்கம். முகமில்லை, கையில்லை. எல்லாமே பென்சில் கோடுகளாக நின்றன. பிளாஸ்திரி மட்டும் மையில் முடிந்திருந்தது. எப்போதும் அதைத்தான் முதலில் வரைவாள் போலிருக்கிறது. இத்தனை காலம் கூட இருந்தும் அவருக்கு இது தெரியாது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. கடையில் சாவியின் பல்லைத் தடவிப் பார்க்கிற அதே விரலைப் பிளாஸ்திரியின் ஓரத்தில் வைத்தார். குழந்தை விழித்துவிடாமல், புண் ஆறிப் பிரிக்கிற பதம் வந்துவிட்டதா என்று பார்க்கிறவரைப் போல, நகத்தால் மெல்ல, மிக மெல்ல நெம்பினார்.