முடிந்த நேரம் குறிக்கப்படவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் வீட்டு ஹாலுக்கும் அதை ஒட்டிய சின்ன அறைக்கும் நடுவில் இருக்கும் கதவு சரியாகச் சாத்தாது. அதனால் காதில் விழுந்த கதை இது. அந்த அறையில் உட்கார்ந்துதான் என் மனைவி வேலை செய்கிறாள். மருத்துவமனையில் நோயாளிக்கு என்னென்ன செய்தார்கள் என்று டாக்டரும் நர்ஸும் எழுதிவைக்கிறார்கள் இல்லையா, அதைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போட்டு பில்லுக்கு அனுப்புவது அவள் தொழில். மெடிக்கல் கோடர். அதிலும் ஊசியும் டிரிப்ஸும் மட்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

ஹாலில் என் தங்கை. அவள் நர்ஸ். மனைவி எந்த மருத்துவமனைக்குக் குறியீடு போடுகிறாளோ அதே மருத்துவமனையில், டிரிப்ஸ் ஏற்றும் அறையில் பகல் டியூட்டி. கணவர் கப்பலில் வேலை செய்வதால் தங்கையும் அவளுடைய மூன்று வயதுப் பெண்ணும் எங்களோடு இருக்கிறார்கள். அந்தப் பெண்ணை எல்லாரும் வாண்டு என்று கூப்பிடுகிறோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. (இந்த வாக்கியத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். இது இல்லாமல் கதை நிற்காது.)

2

முதல் தொடக்கம்:

"நேர்மையான கோடர் ஒருத்தி இருந்தாள். அவளுடைய மெல்லிய விரல்கள் விசைப்பலகையில் —"

வேண்டாம். நேர்மை என்று முதல் வரியில் சொன்னால் இரண்டாம் வரியிலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். விரல்களை வர்ணிக்க ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது தொடக்கம்:

"மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பேருந்து ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே —"

மனைவி இதைப் படித்துவிட்டு, ஜன்னலை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். டாக்டரும் நர்ஸும் எழுதிவைக்கும் குறிப்புக்குச் சார்ட் என்று பெயர், அந்தச் சார்ட்டில் ஜன்னல் கிடையாதாம். சார்ட்டில் எழுதாதது நடக்காதது என்பதுதான் அவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமாம். கதை எழுதும் எங்கள் தொழிலிலும் எழுதாதது நடக்காதது மாதிரிதான் என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள் நடக்காததைத்தானே எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு இது தேவைதான்.

3

(கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.)

நரம்பு வழியாகப் போகும் மருந்து பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால் அது ஊசி. பதினாறாவது நிமிடத்தைத் தொட்டால் டிரிப்ஸ். இரண்டுக்கும் வேறு வேறு குறியீடு. அதனால் ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் இரண்டையும் நர்ஸ் எழுதியே ஆகவேண்டும். முடிந்த நேரத்தை எழுதாமல் விட்டால், ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கிய மருந்துகூட ஊசிக் கணக்கில்தான் சேரும். இதைக் கேட்டு நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

நேரம் விட்டுப்போயிருந்தால் கோடர் அந்த நர்ஸுக்கு எழுத்தில் ஒரு கேள்வி அனுப்ப வேண்டும். "முடிந்த நேரம் என்ன?" அவ்வளவுதான் கேட்கலாம். மூன்று மணிக்கு முடிந்ததா என்று கேட்கக் கூடாது. பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்பது அவர்கள் தொழிலில் பெரிய குற்றம், வேலைக்கே உலை வைத்துவிடும். அந்தக் கேள்வியின் நகல் ஒன்று தலைமை நர்ஸுக்கும் போகும்.

4

நடந்தது இதுதான். ஒரு பேருந்து ஓட்டுநருக்கு இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். அந்த சார்ட் மனைவியிடம் வந்தது. மருந்தின் பெயர், அளவு, ஆரம்பித்த நேரம், எல்லாம் இருந்தன. முடிந்த நேரம் இல்லை. கீழே கையெழுத்து என் தங்கையுடையது.

ஏற்கெனவே இப்படி விட்டுப்போய் தலைமை நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். இன்னொரு தடவை நடந்தால் மறுபடியும் வார்டில் நைட் டியூட்டிதான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் மறந்தாள்? நான் மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்கு மூச்சு முட்டியது. ஓட்டுநர் தன் மகளைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்க, இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு — மனைவி அதற்கு மேல் படிக்கவில்லை.

"மறந்துட்டாங்க. மனுஷங்க மறப்பாங்க. அதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்?"

இதில் ஒரு சங்கடம் உண்டு. அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போதே தங்கை இந்த ஓட்டுநரைப் பற்றிச் சொல்லியிருந்தாள். மனுஷர் குறட்டை விட்டே பாட்டிலை முடித்துவிட்டார், மூன்று மணிக்கெல்லாம் எழுப்பி அனுப்பினேன் என்று சொல்லிச் சிரித்தாள். மனைவியும் கூடச் சிரித்தாள். ஆக நேரம் அவளுக்குத் தெரியும். டீ டம்ளரோடு கேட்டதைச் சார்ட்டில் ஏற்ற முடியாது, அதுவும் தெரியும்.

5

இனி எழுதப்போவதை மனைவியிடம் காட்டலாமா என்று ரொம்ப யோசித்தேன்.

தங்கை நைட் டியூட்டியில் இருந்தவரை வாண்டை வளர்த்தது என் மனைவி. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், காய்ச்சல் வந்தால் மடியிலேயே போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். ராத்திரி எங்கள் இருவருக்கும் நடுவில்தான் அது படுக்கும். வாண்டு அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டது. காலையில் தங்கை வீட்டுக்குள் நுழையும்போது, "அந்தம்மா வந்துட்டாங்க" என்று ஓடிவந்து எங்களிடம் சொல்லும். தங்கை நேராகக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். எவ்வளவு நேரம் தண்ணீர் ஓடும் என்று எனக்குத் தெரியும்.

அதற்காகவே அலையாய் அலைந்து பகல் டியூட்டி வாங்கினாள். இப்போது வாண்டு அவளோடு படுக்கிறது. என் மனைவி அத்தை ஆகிவிட்டாள். குழந்தைக்கு என்ன, ஒரே வாரத்தில் மாறிவிட்டது.

இங்கேதான் என் கதாநாயகியை நான் சந்தேகப்படுகிறேன். அவள் கேள்வியை அனுப்பினால் அது விதி, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அனுப்பினால் நாத்தனாருக்கு நைட் டியூட்டி. நைட் டியூட்டி என்றால் வாண்டு மறுபடியும் இவள் மடியில். அப்படியானால் அவள் காப்பாற்றுவது விதியையா, அல்லது —

[வாக்கியத்தை இதோடு விட்டுவிட்டேன்.]

6

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் மனைவியிடம் வாசித்தேன்.

அ. கேள்வி அனுப்பாமலே ஊசிக்கான குறியீட்டைப் போட்டுவிடுகிறாள். யாருக்கும் தெரியாது. (கேட்காமல் போடக் கூடாது என்பதுதான் அங்கே விதி. அப்படிப் போட்டால் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று மனைவி கேட்டாள்.)

ஆ. மூன்று மணி என்று அவளே எழுதிவிடுகிறாள். (மனைவி என்னைப் பார்த்த பார்வையில், வாசித்த தாளை நானே கசக்கிவிட்டேன்.)

இ. வேறொரு கோடருக்கு மாற்றிவிடுகிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது, பட்டும் படாமலும் இருந்தது. அந்தக் கோடருக்கும் அதே கேள்வியை அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றாள் மனைவி. "என் கை சுத்தம்னு நான் சொல்லிக்கலாம், அவ்வளவுதான் மிச்சம்."

7

நான் எழுந்து போன நேரத்தில் ஐந்தாம் பகுதியையும் படித்துவிட்டாள். திரும்பி வந்தபோது தாள் அவள் கையில் இருந்தது. அடித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள். "நீங்க எழுதினது பொய்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. சொல்ல முடியல. நான் சரியானத செய்றேனா, இல்ல எனக்கு வேணுங்கறத செய்றேனான்னு எனக்கே தெரியலங்க. அதனாலதான் அந்த ஃபைலத் தொடாமலே வெச்சிருக்கேன்."

இன்று மாலைக்குள் அதை முடித்து அனுப்பியாக வேண்டுமாம். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். தாளை என் கையில் திரும்பக் கொடுத்தாள்.

"இன்னொன்னு. கதைக்கு முடிவு எழுதிடாதீங்க. எழுதினா, அதப் பார்த்து நான் அப்படியே செஞ்சிடுவேன். அப்புறம் செஞ்சது நானா நீங்களான்னு காலம் பூரா குழம்பிட்டு இருக்கணும்."

உள்ளே போனாள். சரியாகச் சாத்தாத அந்தக் கதவை இழுத்து, அழுத்திச் சாத்தினாள்.

8

ஆகவே முடிவு இல்லை. அவள் சொன்னதற்காக மட்டும் இல்லை, எனக்கும் தகுதி இல்லை. தங்கைக்கு நைட் டியூட்டி என்று நினைத்துப் பார்த்தபோது முதலில் வந்தது கவலை இல்லை. வாண்டு மறுபடியும் எங்கள் நடுவில் வந்து காலைத் தூக்கி என்மேல் போட்டுக்கொண்டு தூங்கும் என்றுதான் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. கூடப்பிறந்தவள் அவள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை.

இதை எழுதும்போது தங்கை ஹாலில்தான் இருக்கிறாள். இன்று அவளுக்கு ஓய்வு நாள். ஃபைல் விஷயம் ஒன்றும் தெரியாது. வாண்டை முன்னால் உட்காரவைத்துச் சிக்கெடுத்துத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். உள் அறையில் மனைவி டைப் செய்யும் சத்தம் கேட்கிறது.

சீப்பு எங்கேயோ சிக்கி இழுத்துவிட்டது போலிருக்கிறது. வாண்டு, "அம்மா, வலிக்குதும்மா" என்று கத்தியது.

"இதோ முடிஞ்சிடுச்சும்மா" என்றாள் தங்கை.

உள்ளே டைப் செய்யும் சத்தம் நின்றுவிட்டது.

அது இன்னும் மறுபடி தொடங்கவில்லை. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். தோன்றியதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். அவள் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள்.