பதின்மூன்றாவது ஓட்டு

கருப்பாயியின் கட்டைவிரலை விஜயகலாவின் போன் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருமுறை அழுத்தினாள். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். திரை அசையவே இல்லை. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த விரல் அது. நுனியில் ரேகை தேய்ந்து, கறை ஏறி, வெடிப்பு விழுந்து கிடந்தது.

"இந்தச் சனியனுக்கு என்னைய ஒரு ஆளாவே தெரியல. நீயே அமுக்கிரு புள்ள."

"யாருக்கு அத்தை?"

"இது என்னா கேள்வி? ஒனக்குத்தான்."

விஜயகலா தன் பெயரின் மேல் தானே விரலை வைத்தாள். பச்சை அடையாளம் தோன்றியது. முதல் ஓட்டு.

வெள்ளிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணி. றக்வானைக்கு மேலே, கோவில் வளைவுக்குப் பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம். நிறுவை முடித்த பெண்கள் தகரக் கூரையின் கீழ் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோட்டம் முழுக்கத் தேடினாலும் போனில் இரண்டு கோடாவது சிக்னல் விழுகிற இடம் இந்த வளைவு ஒன்றுதான். கொரோனா காலத்தில் பிள்ளைகள் பாடம் கேட்க ஏறி உட்கார்ந்திருந்த பாறை, மடுவத்துக்கு எதிரே இன்னமும் பாசி பிடித்து வழுக்கிக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பாறையில் சறுக்கி விழுந்து ஒரு பிள்ளை கையை முறித்துக்கொண்டபோதுதான் விஜயகலா 'யாவர்க்கும் இணையம்' என்ற அமைப்பைத் தேடிப் பிடித்தாள். உலகம் முழுக்க உறுப்பினர்கள் உள்ள சங்கம். இலாபம் பார்க்காத சங்கம். இருபத்தைந்து பேர் சேர்ந்து ஒரு கிளை அமைத்து, முறையாக ஒரு தலைவரைத் தெரிவு செய்தால், கோவில் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு லயத்து வீடுகளுக்கு வைஃபை கொடுப்பார்கள். பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்க்கும் வேலை முடிந்ததும் அவள் லயம் லயமாக ஏறி இறங்கினாள். எட்டு மாதம். லயத்துக்காரர்கள் அதற்கு 'நெட்டுச் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். ஓட்டுப் போட ஈமெயில் வேண்டும்; இருபத்துமூன்று பேருக்கு அவளே திறந்து கொடுத்தாள். கடவுச்சொற்களை எல்லார் காதும் கேட்கச் சத்தமாகச் சொன்னார்கள். மாரியம்மனும் ஒன்று இரண்டு மூன்றும் சேர்ந்ததுதான் பாதி. எல்லாம் அவளுடைய நீல அட்டைக் கொப்பியில் இருந்தன.

இருபத்துநான்காவது ஆள் அவள். இருபத்தைந்தாவது, றக்வானை டவுனில் போனுக்குக் காசு ஏற்றும் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் பஸ்னா. தலைவிப் பதவிக்குப் போட்டியிடுவதும் இவர்கள் இரண்டு பேர்தான்.

விஜயகலா தோற்க வேண்டும். அது அவளுக்கும் பஸ்னாவுக்கும் மட்டுமே தெரியும்.

போட்டியில் அவளை இழுத்துவிட்டவர் வேலுசாமி, தோட்டத்தின் யூனியன் தலைவர். கோவிலில் எல்லார் முன்னாலும் அவள் கையைத் தூக்கி, "நம்ம புள்ளதான்" என்று முடித்துவிட்டார். பெயரைத் திரும்பப் பெறச் செவ்வாய்க்கிழமை கடைசி நாள். புதன்கிழமை காலையில் அமைப்பிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கொழும்பு அலுவலகத்தில் வேலை. ஊர் ஊராகப் போய்ப் புதிய கிளைகளை உருவாக்கும் வேலை. திங்கட்கிழமை வந்து சேரவும். கீழே இரண்டு நிபந்தனைகள். ஒன்று, உங்கள் கிளை வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் தெரிவை முடித்திருக்க வேண்டும். இரண்டு, எங்கள் ஊழியர் எந்தக் கிளையிலும் பதவி வகிக்கக் கூடாது. வென்றுவிட்டு விலகலாமா என்று விதிகளைப் புரட்டினாள். விலகினால் கிளையை ஆறு மாதம் நிறுத்தி வைப்பார்களாம். வேலையும் போகும், கம்பமும் போகும்.

எல்லாரிடமும் சொல்லிவிட்டால் என்ன? புதன்கிழமை அந்தியில் கருப்பாயியிடம் மெல்ல ஆழம் பார்த்தாள். "அத்தை, நா இல்லாட்டியும் சங்கம் நடக்குந்தானே?" கருப்பாயி அரிசி களைவதை நிறுத்தினாள். "நீ இருக்கேன்னுதான் பேரு குடுத்தோம். நீ இல்லாட்டி எங்களுக்கு என்னாத்துக்கு நெட்டு?" அதோடு அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

"அடுத்தது யாரு?" என்றாள் இப்போது.

ஒவ்வொருவராக வந்தார்கள். விரல் வைத்தார்கள். திரை மறுத்தது. அவள் அமுக்கினாள். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கூரை ஓட்டையிலிருந்து காலை மழையின் துளி ஒன்று சொட்டி, கடவுச்சொல்லில் தானாக ஓர் எழுத்தைப் போட்டது.

"பாரேன்! தண்ணிக்கு வேல செய்யிது, நமக்குச் செய்யாதாம்" என்று யாரோ சொல்ல, மடுவம் சிரித்தது. விஜயகலாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

ஏழு. எட்டு. ஒன்பது.

வேலுசாமி வந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா. "சரி, எனக்கும் போடு. நம்ம நோனாவுக்கு, ஒனக்குத்தான்."

"பெரியப்பா, நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க? பஸ்னாவுக்கு இந்த வேலயெல்லாம் நல்லாத் தெரியும்."

"டவுன்காரி நல்லவதான். ஆனா ராவுல புள்ளைக்குக் காய்ச்சல்னா அவ வீட்டுக் கதவையா தட்ட ஏலும்?" சிரித்தார். "ரெண்டாயிரத்து ஆறுல நா கொழும்புல, மருதானைல கடை வேலைக்குப் போறதுக்கு பேக்கு கட்டிட்டேன், தெரியுமா? பஸ்ஸுக்கு நிக்கேன். நாலு பேரு வந்து மாலயப் போட்டுத் தூக்கிட்டு வந்துட்டானுங்க, நீதான் தலைவருன்னு. அன்னைக்கு ஏறுனது. இன்னம் எறக்கி விடல."

எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் சிரிப்புதான் முதலில் நின்றது.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

பன்னிரண்டாவது பச்சை அடையாளம் விழுந்தது. இருபத்தைந்தில் பதின்மூன்று விழுந்தால் வெற்றி. இன்னும் ஒன்று! அடுத்த பெண் சேலையில் கை துடைத்துக்கொண்டு எழுந்தாள். அந்த நேரம் பார்த்துக் கணக்கப்பிள்ளையின் விசில் ஊதியது. சாப்பாட்டு நேரம் முடிந்தது. பெண்கள் பைகளைத் தோளில் மாட்டினார்கள்.

"எங்களுக்கும் நீயே போட்டுரு புள்ள!" படியிறங்கிக்கொண்டே பின்னால் திரும்பாமல் சொல்லிப் போனார்கள். மீதி இருந்தது பதினொரு பேர்.

மூன்றரைக்குப் பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு மறுபடி வளைவுக்கு ஏறியபோது மழை பிடித்திருந்தது. மடுவத்தில் ஆளில்லை. மாலை நிறுவை கீழே ஸ்டோர் பக்கம். தராசுக் கொக்கி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. பஸ்னா.

"என்னடி கலா, எத்தின?"

"எனக்குப் பன்னெண்டு."

"யா அல்லா! ஒன்ட ஓட்ட எனக்குப் போட்டியா?"

"போட்டுட்டேன். ஒங்களோடது, என்னோடது. ரெண்டு."

"அப்ப மிச்சம் பதினொண்டு ஈக்கி. எல்லாத்தையும் எனக்குப் போடு. பதின்மூணு. முடிஞ்சி."

"பஸ்னா, அவங்க எனக்குப் போடச் சொன்னாங்க."

"அவங்களுக்கு வேண்டியது கம்பம். கம்பம் வரும். எனக்குத் தலைவியா ஈக்கவும் ஏலும், கடைல சும்மாத்தானே குந்திட்டு ஈக்கேன். ஒருத்தருக்கும் தெரிய வராது. ரகசிய ஓட்டுத்தானே?" குரல் இறங்கியது. "ஒனக்கு இருவத்தொம்பது வயசு. இந்த பஸ் தவறினா அடுத்தது எப்ப வரும்னு சொல்லு பாப்பம்."

அழைப்பு அறுந்தது. சிக்னல் போய்விட்டது. நான்கு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது.

அவள் கொப்பியைத் திறந்தாள். பதின்மூன்றாம் பெயர். கடவுச்சொல்லை அடித்தாள். இரண்டு பெயர்கள் ஆங்கிலத்தில் வரிசையாக நின்றன. மேலே விஜயகலா. கீழே பஸ்னா. அவள் கீழே அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இடி விழவில்லை. பச்சை அடையாளம், முன்பு வந்த அதே பச்சை அடையாளம், வந்து போனது.

இரண்டாவது எளிதாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஐந்தாவதில் அவள் பெயர்களைப் படிப்பதை நிறுத்திவிட்டாள்; எழுத்துகளை மட்டும் அடித்தாள். இந்தப் பெண்கள் பேங்க் புத்தகத்தை அவளிடம் கொடுத்துவைத்திருக்கிறார்கள். மகன்களின் பிறப்புச் சான்றிதழை, கட்டாரில் இருக்கும் மகளின் பாஸ்போர்ட் நகலை, வீட்டுச் சாவியை. யாருமே ஒருநாளும் எண்ணிப் பார்த்து வாங்கியதில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் தொண்டை வறளச் சொல்லிய வாசகம் ஒன்று உண்டு: "இங்க யாரும் யாருக்காகவும் கையெழுத்து வைக்கக் கூடாது. ஒங்க ஓட்டு ஒங்க கையால." அவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அவளிடமே நீட்டினார்கள்.

எட்டு. ஒன்பது. மழை தகரத்தில் அறைந்தது. பத்தாவதற்குச் சிக்னல் இழுத்தடித்து, அறுந்து, திரும்பி வந்து ஒருவழியாக விழுந்தது. மணி நான்கு நாற்பத்தெட்டு.

அவளுக்குப் பன்னிரண்டு. பஸ்னாவுக்குப் பன்னிரண்டு. கொப்பியில் மீதி ஒரே ஒரு பெயர். தங்கம்மா.

விஜயகலா கடவுச்சொல்லை அடித்தாள். திரை திறந்தது. விரலைக் கீழ்ப் பெயருக்குக் கொண்டுபோனாள்.

"இரு! இரு! போட்டுறாத!"

படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தலையில் யூரியாப் பையைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்புவரை நனைந்து, கெண்டைக்காலில் அட்டை கடித்த இரத்தம் வழிய வந்து நின்றவள் தங்கம்மாதான்.

"போட்டுட்டியா?"

"இல்லக்கா." தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஏன், நிறுவைக்குப் போகலயா?"

"எங்கொழுந்த கருப்பாயி நிறுப்பா. கொறச்சுப் போட்டாப் போட்டுட்டுப் போறான் கணக்கப்புள்ள." தங்கம்மா பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். ஈர இலை மணம் வீசியது. "யூனியன் ஓட்ட எனக்கும் சேத்து வேலுசாமி அண்ணன் போட்டாரு. பார்லிமெண்டுக்கு எம்புருசன் எந்தப் படத்துக்குன்னு சொல்லி அனுப்புவான். நீதானே கூட்டத்துல சொன்ன, ஒங்க ஓட்டு ஒங்க கையாலன்னு? மலையில நின்னு யோசிச்சேன். மனசு கேக்கல. அதான் ஓடி வந்துட்டேன். குடு."

விஜயகலா போனை நீட்டினாள். நான்கு ஐம்பத்துமூன்று.

"ஒம்பேரு எது? மேலயா, கீழயா?"

மழைச் சத்தத்தில் அந்தக் கேள்வி மட்டும் தனியாக நின்றது. ஒரே ஒரு சொல். கீழே என்று சொன்னால் போதும். திங்கட்கிழமை காலை நாலரை பஸ், யன்னலோர இருக்கை, பெல்மதுளை தாண்டியதும் அகலமாகும் பாதை, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றன. பத்துப் பேருக்குச் செய்தாயிற்று. பதினொன்றாவதில் என்ன?

"அக்கா... நா போகணும்க்கா."

"போகலாம் புள்ள. ஒரு நிமிசந்தான் எனக்கு. எது, சொல்லு."

தங்கம்மா அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்த இரண்டு வரிகளையே, நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவளைப் போல மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல" என்றாள் விஜயகலா.

தங்கம்மா விரலை வைத்தாள். திரை அசையவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்தாள். ஊதினாள். அழுத்தினாள். நகம் வெளுக்கிறவரை அழுத்தினாள். அந்தத் திரைக்கு அவள் அங்கே இல்லவே இல்லை. நான்கு ஐம்பத்தாறு.

"ஏலாதுபோல" என்றாள் தங்கம்மா. பிறகு சட்டென்று எதையோ கண்டுபிடித்தவளாக நிமிர்ந்தாள். "ஒன் வெரல குடு."

"அக்கா?"

"ஒன் வெரலு, எங்கையி. அப்ப நாந்தானே போடுறேன்?"

விஜயகலாவின் வலக்கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். மரப்பட்டைபோலச் சொரசொரத்த, சூடான கை. பிள்ளைக்கு அரிச்சுவடி எழுதப் பிடிப்பதைப்போல ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டிப் பிடித்து, மெல்ல, மிகக் கவனமாக, மேல்வரிக்குக் கொண்டுபோனாள். விஜயகலா விரலை இழுக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

கண்ணாடிக்கு ஒரு நெல்லளவு மேலே விரல் நின்றது. கூரை ஓட்டையின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, நீண்டு, இரண்டு பெயர்களுக்கும் நேர் மேலாக, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.