பஸ் திரும்பாத பாதை

என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். நாலு மாதத்துக்கு முன்னால் இதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து பால் பாக்கெட் வாங்கக்கூட வாசல்படி இறங்க யோசிப்பார். வரும் திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் அவரை மாடிப்படி ஏறச் சொல்லிப் பார்ப்பார். மூச்சு வாங்கினால் ஸ்டியரிங் கிடையாது. டெப்போவில் வண்டிச் சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். அந்த நாற்காலியின் பேச்சை எடுத்தாலே மனிதர் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குன்று. பத்து வருஷமாக ஜன்னலில் துணி காயப்போடும்போது பார்த்ததோடு சரி. இப்போது அதில் நடைபாதை போட்டு, கல்லில் எல்லாம் மஞ்சள் பெயின்டால் அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள். போய்த் திரும்ப அரை மணி நேரம் என்று அடிவாரத்துப் பலகை சொன்னது. சனிக்கிழமை காலையில் அவரைக் கிளப்பிக்கொண்டு போனேன். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையில் ஒன்றைப் பிரித்து உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டேன். அவசரத்தில் கைப்பையின் ஜிப் சிக்கிக்கொண்டால் யார் பதில் சொல்வது?

முதல் பிரிவிலேயே வம்பு ஆரம்பித்தது. அம்புக்குறி இடது பக்கத்து ஒற்றையடிப் பாதையைக் காட்டியது. இவர் வலது பக்கம் அகலமான மண் சாலையில் நடந்தார்.

"அம்பு இந்தப் பக்கம் காட்டுதுங்க."

"அதுல போனா எங்க திருப்புறது? இடமே இல்லையே."

"எதைத் திருப்பப் போறீங்க? கையில ஸ்டியரிங்கா இருக்கு?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. பஸ் நுழையாத வழி அவருக்கு வழியே இல்லை. இரண்டாவது பிரிவிலும் அகலமான பக்கம், மூன்றாவதிலும் அப்படியே. அதற்குப் பிறகு அம்புக்குறியே கண்ணில் படவில்லை. சாலை ஏறிக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நான் வாய் ஓயாமல் திட்டினேன். பிறகு திட்டவும் தெம்பில்லாமல் பின்னால் நடந்தேன். இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் இழுத்துக்கொண்டு வந்தவள் நான்தானே.

ஒரு வளைவில் அவர் மறைந்தார். கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். ஓடினேன். வளைவைத் தாண்டினால், மேட்டின் விளிம்பில் குனிந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"சத்தம் போடாத, பஸ்ஸை எண்ணிக்கிட்டிருக்கேன். அதோ கீழ பாரு, நம்ம டெப்போ. மணி எட்டரை ஆச்சு, நாலாம் நம்பர் பஸ் இன்னும் நிக்குது. நான் இருந்தா எட்டு இருபதுக்கே எடுத்திருப்பேன். அந்தச் சின்னப் பய பின்னால பார்க்காமலே ரிவர்ஸ் எடுக்கிறான், அந்த லட்சணத்துல அவனை மெயின் ரூட்ல போட்டிருக்காங்க."

மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றேன். அப்போதுதான் உறைத்தது. இத்தனை ஏற்றம் ஏறி வந்த மனிதர், மூச்சு விட ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறார்.

கையைத் திறந்தேன். மாத்திரை வியர்வையில் கரைந்து வெள்ளைப் பிசுக்காக ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"வீட்டுலேர்ந்து இதைப் பிடிச்சுக்கிட்டே வந்தியா?"

தலையை ஆட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாலு மாதமாக அடக்கி வைத்திருந்தது. அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடித்து, கையைப் புல்லில் துடைத்தேன். உடம்பே லேசானது. கீழே நாலாம் நம்பர் ஒருவழியாகக் கிளம்பியது.

"திங்கட்கிழமை டாக்டர்கிட்ட நானும் வரேன்" என்றேன்.

"வா. ஆனா மாடிப்படி மட்டும் ஏறிடாத. நீ இரைக்கிற இரைப்புக்கு அந்த நாற்காலியை உனக்குக் கொடுத்துடுவாங்க."